பெஞ்சில் நால்வர்: ஓர் அமெச்சூர் கால்பந்து அணியின் இரண்டு ஆட்டங்கள்

ஒரே லீக், ஒரே எதிரணி, ஒரே கேப்டன். முதல் சுற்றில் 1-3 என்று தோற்ற அணி, இரண்டாம் சுற்றில் 2-2 என்று சமன் செய்தது. இடைப்பட்ட காலத்தில் திறமைசாலி எவரும் புதிதாக வந்து சேரவில்லை, பயிற்சி நாட்களும் கூடவில்லை. முதல் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். இரண்டாவது ஆட்டத்துக்குப் பதினைந்து பேர் வந்தார்கள். கண்ணில் படும் மாற்றம் அவ்வளவுதான். இரண்டையும் கோட்டோரத்தில் நின்று பார்த்தேன். பிறகு கேப்டனிடமும் ஆட்டக்காரர்கள் சிலரிடமும் பேசினேன். பெயர்கள் இங்கே தேவைப்படாது. வேலையும் குடும்பமும் போக மிஞ்சும் நேரத்தில் பந்தை உதைக்கும் எந்த அணியிலும் இதே ஆட்கள் இருப்பார்கள்.

ஒரு தோல்வியையும் ஒரு சமனையும் வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. எதிரணியிலும் இரண்டாம் சுற்றில் ஓரிருவர் மாறியிருந்தார்கள். ஆகவே ஸ்கோரை ஒரு பக்கம் வைத்துவிட்டு, களத்தில் இருந்தவர்கள் எப்படி ஆடினார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன். பெஞ்சில், அதாவது மாற்று வீரர்கள் காத்திருக்கும் இடத்தில், ஆள் இருக்கிறார் என்ற தெம்பு முதல் நிமிடத்திலிருந்தே ஆட்டத்துக்குள் வேலை செய்கிறது. மாற்று வீரரின் மதிப்பில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். கடைசி நேரக் கோல் அடிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் சுற்று

பட்டியலில் பதினெட்டுப் பெயர்கள் இருந்தன. குழுவில் "யார் யார் வருகிறீர்கள்?" என்று கேட்டதற்குப் பதினான்கு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். மைதானத்துக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டாமவர் நாற்பதைக் கடந்த மாற்றுக் கோல்கீப்பர். அதாவது நடைமுறையில் பெஞ்ச் காலி.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. 22-ஆவது நிமிடத்தில் ஒரு கார்னர் கிக்கிலிருந்து கோல் விழுந்தது. ஆனால் கோல் விழுவதற்கு முன்பே ஒன்றைக் கவனித்தேன். நடுக்கள வீரர்கள் இருவரும் பந்து கைமாறிய உடனே விரட்டிப் போகவில்லை. நான்கைந்து அடி பின்வாங்கி நின்று எதிரணியை வரவிட்டார்கள். கேப்டன் போட்ட திட்டம் அதுவல்ல. பிற்பாடு அவர்களில் ஒருவர் சொன்ன காரணம் எளிமையானது: தொண்ணூறு நிமிடமும் தான்தான் ஓட வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்ததால், இருக்கும் மூச்சைத் தவணை முறையில் செலவழித்தார்.

வலது பின்கள வீரரின் கதை இன்னும் மோசம். ஏறக்குறைய 35-ஆவது நிமிடத்தில் தொடையின் பின்பக்கத் தசை இழுப்பதை உணர்ந்திருக்கிறார். இடைவேளையில் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "சொல்லி என்ன ஆகப்போகிறது? எனக்குப் பதிலாக யார் இறங்குவார்?" என்று திருப்பிக் கேட்டார். 63-ஆவது நிமிடத்தில் தலைக்கு மேல் போன ஒரு நீண்ட பாஸைத் துரத்தியவர், பாதி வழியில் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். எதிரணியின் இடது முனை வீரர் தனியாகப் போய்ப் பந்தை வலைக்குள் தள்ளினார். 1-1.

அவருக்குப் பதிலாக இறங்கியவர் அந்த மாற்றுக் கோல்கீப்பர்தான். அவரிடம் இருந்தது கோல்கீப்பருக்கான வேறு நிற ஜெர்சி மட்டும். காயம்பட்டவர் தன் ஜெர்சியைக் கழற்றிக் கொடுக்க, வியர்வையில் ஊறிய அந்தத் துணியைத் தலைவழியே இழுத்து மாட்டிக்கொண்டு, உடலைச் சூடேற்றாமலேயே வலது பின்களத்துக்கு ஓடினார். தன்னால் ஆனதைச் செய்தார். எதிரணிக்கு அந்தப் பக்கம் திறந்துகிடப்பது ஐந்தே நிமிடத்தில் புரிந்துவிட்டது. கடைசிப் பகுதியில் இருவருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. 78-ஆவது நிமிடத்தில் ஒன்று, 86-ஆவது நிமிடத்தில் ஒன்று என்று மேலும் இரண்டு கோல்கள் விழுந்தன.

தோல்வியோடு போயிருந்தால் பரவாயில்லை. கிழிந்த தசை ஆற வாரங்கள் ஆயின. வலது பின்கள வீரர் இல்லாததால், அடுத்த ஆட்டத்தை அணி பத்துப் பேரோடு தொடங்கியது. அதில் களைத்த இன்னொருவர் அதற்கடுத்த வாரம் வரவில்லை. ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கவோ தொடரவோ கூடாது என்கிறது கால்பந்து விதி. அந்த நிலைக்குப் போகவில்லையே தவிர, அந்தத் திசையில்தான் அணி போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் பெஞ்ச் காலியாக இருந்ததன் கடன் பல வாரங்களுக்கு வசூலானது.

விதி வந்த வழி

மாற்று வீரர் என்ற ஏற்பாடே கால்பந்தில் பிந்தி வந்ததுதான். 1956-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியின் கோல்கீப்பர் பெர்ட் டிராட்மன், சுமார் பதினேழு நிமிடங்கள் மிச்சமிருந்தபோது மோதலில் கழுத்தில் அடிபட்டு விழுந்தார். பதிலாள் இறக்க விதியில் இடமில்லை. வலியோடு ஆடி முடித்தார். சிட்டி 3-1 என்று வென்றது. கழுத்தெலும்பு முறிந்திருந்தது சில நாட்கள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. 1966 உலகக் கோப்பையில் போர்ச்சுகல் வீரர்கள் பிரேசிலின் பெலேயை உதைத்து வீழ்த்திய பிறகும் அவர் நொண்டிக்கொண்டே களத்தில் இருந்தார், அதே காரணத்தால். இங்கிலாந்து லீக்கில் 1965-இல் ஒரே ஒரு மாற்று வீரருக்கு அனுமதி வந்தது, அதுவும் காயத்துக்கு மட்டும். உலகக் கோப்பையின் இறுதிச் சுற்று ஆட்டங்களில் 1970-இல்தான் வந்தது. பிறகு இரண்டு, மூன்று என்று வளர்ந்து, 2020-இல் பெருந்தொற்றால் ஆட்டங்கள் நெருக்கியடித்தபோது தற்காலிகமாக ஐந்தாகி, 2022-இல் அதுவே நிரந்தரமானது.

டிராட்மனைப் பலரும் வீரத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதை ஒரு மோசமான விதியின் கதையாகவே படுகிறது. விதி மாறிவிட்டது, பன்னிரண்டு பேரோடு வரும் அமெச்சூர் அணி மட்டும் இன்னும் 1956-இல் ஆடிக்கொண்டிருக்கிறது.

இடையில் கேப்டன் செய்தது

பத்துப் பேரோடு ஆடிய வாரத்துக்குப் பிறகு, கேப்டன் பட்டியலில் இருந்த ஒவ்வொருவரையும் தனித்தனியே தொலைபேசியில் அழைத்தார். ஏன் வருவதில்லை என்று கேட்டபோது அவருக்குக் கிடைத்த பதில்கள் உவப்பானவை அல்ல. "மூன்று வாரமும் உட்கார்ந்துவிட்டு வந்தேன் அண்ணா. கடைசி ஐந்து நிமிடத்துக்கு அழைப்பீர்கள், அதுவும் தோற்றுக்கொண்டிருந்தால்தான்" என்றார் ஒருவர். இன்னொருவர், வீட்டில் ஒரு நாள் முழுவதையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து பந்தைத் தொடாமல் திரும்பினால், அடுத்த முறை கேட்க வாய் வருவதில்லை என்றார்.

தொழில்முறை ஆட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் பிடிபடுகிறது. தொழில்முறை மாற்று வீரருக்கு, ஆடினாலும் ஆடாவிட்டாலும் சம்பளம் வந்துவிடும். அமெச்சூர் ஆட்டக்காரருக்குக் கூலி என்று ஏதாவது உண்டென்றால் அது களத்தில் கிடைக்கும் நிமிடங்கள்தான். கூலி கொடுக்காத இடத்துக்கு ஆள் எத்தனை நாள் வருவார்?

கேப்டன் கணக்குப் போட்டார். கோல்கீப்பரை விட்டுவிட்டால் பத்து இடங்கள், தொண்ணூறு நிமிடங்கள். மொத்தம் 900 நிமிடங்கள். பதினான்கு பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் தலைக்கு 64 நிமிடங்கள். அப்படிச் சமமாகப் பங்கிட முடியாதுதான். ஐந்து மாற்றங்களுக்கு மட்டுமே லீக் அனுமதிக்கிறது, வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போக முடியாது. என்றாலும், ஒருவருக்குத் தொண்ணூறும் இன்னொருவருக்கு ஐந்தும் என்ற பழைய பங்கீட்டுக்கு எந்த நியாயமும் இல்லை என்பது அந்த எண்ணைப் பார்த்ததும் அவருக்கு உறைத்தது. ஆட்டத்துக்கு முந்தைய இரவே ஒவ்வொருவருக்கும் அவரவர் நேரத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். "இரண்டாம் பாதி முழுவதும் உன்னுடையது" என்று உறுதி கொடுத்தால், ஆள் வந்து நிற்கிறார்.

இன்னொன்றும் செய்தார்: முப்பத்தெட்டு வயது நடுக்கள வீரர் ஒருவரிடம், "அண்ணா, உங்களுக்கு முதல் பாதி மட்டும்" என்றார். அவர் முகம் சுளிக்கவில்லை. தன் முழங்கால்களைப் பற்றி அவருக்குத் தெரியாததை அணியில் யாரும் சொல்லிவிட முடியாது.

இரண்டாம் சுற்று

அந்த முப்பத்தெட்டு வயதுக்காரர் முதல் பாதியில் ஆடிய ஆட்டம்தான் இரண்டு போட்டிகளிலும் நான் பார்த்தவற்றில் சிறந்தது. நாற்பத்தைந்து நிமிடம்தான் என்று தெரிந்ததால் மூச்சை மிச்சம்பிடிக்கவில்லை. பந்து கைமாறிய நொடியில் பாய்ந்து போனார். அவர் போவதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரும் போனார். முதல் சுற்றில் பின்வாங்கி நின்ற அதே ஆள்தான் அந்தப் பக்கத்து வீரர். இத்தனைக்கும் அணி இடைவேளையில் 0-1 என்று பின்தங்கித்தான் இருந்தது. தடுப்பில் நேர்ந்த ஒரு குழப்பத்தில் கோல் போய்விட்டது. ஸ்கோரை மட்டும் பார்த்தவர் அணி மோசமாக ஆடியதாகவே நினைத்திருப்பார்.

இடைவேளையில் மற்றவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, மூன்று மாற்று வீரர்கள் கோட்டோரமாக ஓடி உடலைச் சூடேற்றினார்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து குளிர்ந்துபோன தசையோடு நேரே முழு வேகத்தில் பாய்கிறவர்தான், அணிக்குப் புதுக் காயத்தைக் கொண்டுவருகிறார். தொழில்முறை அணிகளில் இதைக் கவனிக்கத் தனி ஆள் உண்டு. இங்கே அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் மாற்றம் இடைவேளையிலேயே நடந்தது, திட்டப்படி. இரண்டாவது மாற்றம் 60-ஆவது நிமிடத்தில். கோல் கிடைக்காத முன்கள வீரர் வெளியே வந்தார். வலது முனையில் ஆடியவர் நடுவே நகர, வலது முனைக்குப் புதியவர் வந்தார். இந்தப் புதியவர் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. எதிரணியின் இடது பின்கள வீரர் வலதுகால்காரர் என்பதையும், கோல்கீப்பரிடமிருந்து பந்து வந்தால் ஒவ்வொரு முறையும் உள்பக்கமாகத் திரும்பி வலது காலுக்கு மாற்றிக்கொள்கிறார் என்பதையும் முதல் பாதியிலேயே கவனித்துவிட்டார். கோட்டுக்கு வெளியே இருப்பவருக்குத்தான் இது தெரியும். உள்ளே ஓடிக்கொண்டிருப்பவருக்குத் தெரிய வாய்ப்புக் குறைவு. 66-ஆவது நிமிடத்தில் பந்து அப்படியே வந்தது. பின்கள வீரர் உள்பக்கம் திரும்பினார். இவர் கோட்டோரத்தை அடைக்காமல் அந்த உள்பாதையில் முன்கூட்டியே போய் நின்றார். பந்து காலில் வந்து விழுந்தது. ஒரு பாஸ், ஒரு கோல். 1-1.

1999 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் 81-ஆவது நிமிடத்தில் இறங்கி, தொண்ணூறு நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த சில நிமிடங்களில் வெற்றிக் கோலை அடித்த மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓலே குன்னார் சுல்ஷர் நினைவுக்கு வருவார். பெஞ்சில் இருக்கும்போது எதிரணித் தடுப்பாட்டக்காரர்களின் பலவீனங்களைக் கவனிப்பது அவர் வழக்கம். அந்த ஆட்டத்தில் சமன் கோலை அடித்த டெடி ஷெரிங்கமும் மாற்று வீரர்தான். 2014 உலகக் கோப்பை இறுதியில் 88-ஆவது நிமிடத்தில் இறங்கிய ஜெர்மனியின் மரியோ கோட்சே, கூடுதல் நேர ஆட்டத்தில், 113-ஆவது நிமிடத்தில் கோலடித்தார்; பந்தை அனுப்பிய ஷூர்லேயும் மாற்று வீரர். அருமையான கதைகள். ஆனால் அமெச்சூர் அணிகளைக் கெடுத்ததில் இவற்றுக்கும் பங்கு உண்டு. கடைசி ஐந்து நிமிடத்தில் ஆளை இறக்கி, அற்புதம் நிகழாவிட்டால் "இவன் சரிப்படமாட்டான்" என்று முத்திரை குத்தும் வழக்கம் இப்படித்தான் வளர்கிறது. ஆட்டத்தின் ஓட்டத்தைப் பிடிக்கவே ஒருவருக்குச் சில நிமிடங்கள் ஆகும்.

70-ஆவது நிமிடத்தில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். உயரமாக வந்த பந்துக்கு எழும்பிய நம் நடுத்தடுப்பாட்டக்காரரும் எதிரணி வீரரும் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். பந்து கார்னருக்குப் போனது. தடுப்பாட்டக்காரர் எழுந்து நின்று, "ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்" என்றார். கேப்டன் ஸ்கோர் என்ன என்று கேட்டார். சற்று யோசித்துவிட்டு, "நாம் ஒன்று முன்னால்தானே?" என்றார் அவர். கேப்டன் உடனே நடுவரிடம் மாற்றம் கேட்டார்.

மருத்துவர் இல்லாத மைதானத்தில் இதற்கு ஒரே விதிதான்: சந்தேகம் இருந்தால் வெளியே உட்காரவை. தலைக் காயத்துக்கென்று கூடுதலாக ஒரு நிரந்தர மாற்றத்தைப் போட்டி விதிகளில் சேர்த்துக்கொள்ள 2024 முதல் கால்பந்து விதியில் வழி இருக்கிறது. இந்த லீக் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வழக்கமான மாற்றங்களில் ஒன்றாகவே அது போனது. முதல் சுற்றைப் போலப் பெஞ்ச் காலியாக இருந்திருந்தால் அவர் களத்திலேயே நின்றிருப்பார், அதுவும் எதிரணியின் கார்னர் கிக்குக்கு, தலையால் பந்தைத் தட்ட. அந்த மூன்றாவது மாற்று வீரர் அன்று பந்தையே தொடாமல் இருந்திருந்தாலும் அவர் வந்ததற்கு இந்த ஒரு காரணம் போதும்.

அந்த மாற்றத்துக்கு ஒரு கோல் விலையாகப் போனது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மாற்று வீரர் நடுக்கோட்டருகே களத்துக்குள் வந்தார். அவர் உள்ளே கால் வைத்ததும் விதிப்படி மாற்றம் முடிந்துவிட்டது. நடுவர் விசில் ஊதியபோது அவர் பெனால்டி பகுதியை நோக்கி இன்னும் ஓடிக்கொண்டிருந்தார். வெளியேறியவர் கவனித்துவந்தது எதிரணியின் மிக உயரமான ஆளை. அந்த ஆளை இப்போது யார் கவனிப்பது என்று யாரும் சொல்லவில்லை. அவர் தனியாக எழும்பித் தலையால் முட்டினார். 1-2. எதிரணியின் கார்னர், ஃப்ரீ கிக் வேளைகளில் ஆளை மாற்றாதே என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதனால்தான். இங்கே தவிர்க்க வழியில்லை. இப்போது அந்த அணியில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது: உள்ளே வருபவர் ஓடும்போதே "யார் என் ஆள்?" என்று கத்துவார், கேப்டன் பதில் சொல்லிவிட்டு, அவர் தன் ஆளிடம் போய்ச் சேரும் வரை நடுவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

84-ஆவது நிமிடத்தில் சமன் கோல் வந்தது. அடித்தவர் மாற்று வீரர் அல்ல. நடுவே நகர்ந்த வலது முனை ஆட்டக்காரர். அதற்கான பந்தை அனுப்பியவர் முதல் சுற்றில் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே வலது பின்கள வீரர். தன் பாதியிலிருந்து எதிரணியின் கோல்கோடு வரை ஓடிப்போய்ப் பந்தைத் திருப்பி அனுப்பினார். தொழில்முறை ஆட்டக்காரர்களின் வேக ஓட்டமே கடைசிக் கால் மணி நேரத்தில் குறைந்துவிடும். வாரம் ஒருமுறை ஆடுகிறவருக்கு அது எவ்வளவு பெரிய ஓட்டம்! அவரிடம் கேட்டேன். தொடை மறுபடி இழுத்தால் கையை உயர்த்தினால் போதும், ஆள் தயாராக இருக்கிறார் என்று கேப்டன் சொல்லியிருந்தாராம். அதனால்தான் துணிந்து ஓடினேன் என்றார். கையை உயர்த்தவே தேவைப்படவில்லை. ஆட்ட அறிக்கையில் இந்த மாற்று வீரரின் பெயர் எங்குமே இருக்காது.

நான்காமவர்

எந்த ஆள் தயாராக இருந்தார்? அணிக்குப் புதிதாக வந்த பத்தொன்பது வயது இளைஞர். அவர் அன்று களமிறங்கவே இல்லை. கடைசி இருபது நிமிடம் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. தலைக் காயமும் 1-2 என்ற ஸ்கோரும் வந்த பிறகு கேப்டன் தயங்கினார். 2-2 ஆனதும், கலைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

அதோடு, அந்த இளைஞர் தொண்ணூறு நிமிடமும் கோட்டோரக் கொடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நடுவர் ஒருவர் மட்டுமே வரும் ஆட்டங்களில், துணை நடுவர் வேலை அணிக்கு ஒருவராக மாற்று வீரர்கள் தலையில்தான் விழும். கொடி பிடிப்பவர் உடலைச் சூடேற்ற முடியாது, எதிரணியைக் கவனிக்க முடியாது. ஆஃப்சைடுக்கு, அதாவது பந்து வரும் முன்பே தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நிற்கும் தவறுக்கு, கொடி காட்டினால் எதிரணி திட்டும். காட்டாவிட்டால் சொந்த அணி திட்டும். திடீரென்று அழைத்தால், மூச்சிரைக்க வெளியே வருபவர் கையில் கொடியைத் திணித்துவிட்டு ஓட வேண்டும்; இரைக்கிறவர் எந்த ஆஃப்சைடைப் பார்ப்பார்?

அடுத்த வாரம் அந்த இளைஞர் வரவில்லை. வேறு வேலை இருப்பதாகச் செய்தி அனுப்பினார். இருந்திருக்கலாம். கேப்டன் அவர் வீட்டுக்கே போய்ப் பேசி, அதற்கடுத்த ஆட்டத்தில் முதல் பதினொருவரில் அவரைச் சேர்த்தார். சொன்ன நேரத்தைக் கொடுக்காவிட்டால், சொல்லாமலே இருந்ததைவிட மோசமான விளைவு வருகிறது. பெஞ்சை நிரப்பிய அதே உறுதிமொழிதான், மீறப்பட்டபோது பெஞ்சைக் காலிசெய்தது.

மறுபுறம், வெளியே அழைக்கப்பட்ட முன்கள வீரர் அன்று யாருக்கும் கைகொடுக்காமல் நேரே பைகளுக்கிடையே போய் உட்கார்ந்தார். நல்ல ஆட்டக்காரர், கோல் கணக்கில் முதலிடம். "நன்றாக ஆடுகிறவனை எடுத்துவிட்டுச் சுமாரானவனை இறக்குவது என்ன நியாயம்?" என்ற அவர் கேள்வியில் பொருள் இல்லாமல் இல்லை. ஓர் ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அவர் சொல்வது பல நேரம் சரியாகவும் இருக்கும். ஒரு பருவம் முழுவதும் ஆள் சேர்க்க வேண்டிய கேப்டனின் கணக்கு வேறு. இருவரும் இதுவரை உடன்படவில்லை.

இதற்கெல்லாம் ஒரு சுலப வழியாகக் கேப்டன் நம்புவது, வெளியே போனவர் மீண்டும் உள்ளே வரலாம் என்ற விதியை. இளையோர், மூத்தோர், மாற்றுத்திறனாளிகள், அடித்தள நிலை ஆட்டங்களுக்கு, தேசியச் சம்மேளனம் ஒப்புக்கொண்டால் சர்வதேச விதி இதை அனுமதிக்கிறது. அது வந்தால் இருபது நிமிடத்துக்கு ஒருவராக மாறி மாறி இறங்கலாம்; காலை இழுத்தால் சற்று உட்கார்ந்துவிட்டுத் திரும்பலாம். லீக்கில் உள்ள சிறிய அணிகள் எதிர்க்கின்றன: இருபது பேர் வரும் அணிக்கு அது வரம், பதின்மூன்று பேர் வரும் அணிக்கு என்ன பயன் என்பது அவர்கள் வாதம். நியாயமான பயம்தான், ஆனால் பதின்மூன்று பேர் வருவதற்குக் காரணமே ஆட இடமில்லை என்பதாக இருந்தால், அந்த விதி வந்த பிறகு எத்தனை பேர் வருவார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். முடிவு அடுத்த பருவத்துக்கு முந்தைய கூட்டத்தில். அதுவரை, ஆடாத யாராவது ஒருவரை, ஓய்வுபெற்ற பழைய ஆட்டக்காரரையாவது, கொடி பிடிக்கக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.